குரலை உயர்த்தாத பிரதமர்

நான் சிங்கப்பூரை ஆளும் மக்கள் செயல் கட்சியைச் சேர்ந்தவள். இதை முதலிலேயே சொல்லிவிடுவதுதான் முறை. தெம்பனிஸில் ஒரு கிளையில் பல வருடங்களாகத் தொண்டூழியம் செய்கிறேன். தொகுதிவாசிகள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் குறை சொல்ல வரும் மக்கள் சந்திப்பு இரவுகளில் கடிதம் எழுதிக் கொடுப்பேன். வீடு வீடாகப் போகும்போது கூடப் போவேன். தேர்தல் வந்தால் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு காப்பிக்கடை வாசலில் துண்டுப்பிரசுரத்தோடு நிற்பேன். ஆகவே எங்கள் பிரதமர் லாரன்ஸ் வோங்கைப் பற்றி நான் எழுதுவதை நடுநிலையாளரின் கணிப்பாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதே நேரம், கட்சி சொல்வதற்கெல்லாம் தலையாட்டுகிறவளும் இல்லை நான். கிளைக் கூட்டங்களில் என்னோடு உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும்.

2025 மே மாதத்தோடு அவர் பிரதமராகி ஒரு வருடம் ஆனது. தேர்தலும் முடிந்தது. மே 23ஆம் தேதி, அதிபர் மாளிகையான இஸ்தானாவில் புதிய அமைச்சரவையும் பதவியேற்றது. வேலையிடத்தில் கேட்கிறார்கள், தேக்காவில் மீன் வாங்கும்போது கேட்கிறார்கள், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் கேட்கிறார்கள்: "உங்க புதுப் பிரதமர் எப்படி?" நின்ற இடத்தில் சொல்லி முடிக்கிற விஷயமாக இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

என் மனத்தில் பட்டது இதுதான்: கெட்ட செய்தியை நம்மிடம் நேராகச் சொல்லக்கூடிய மனிதர் அவர். எதனால் இப்படி, இனி என்ன ஆகும், நமக்கு எங்கே வலிக்கும் என்று வரிசையாகச் சொல்வார். சொல்லும்போது குரல் உயராது. என்னைப் போலக் கீழே நின்று வேலை செய்கிறவர்களுக்கு அதன் அருமை தெரியும். மேலே மழுப்பினால் கீழே வாசற்படியில் நின்று பதில் சொல்ல முடியாமல் திணறுவது நாங்கள்தான்.

கொவிட் காலத்தில்தான் அவரை நான் சரியாகக் கவனித்தேன். அதற்கு முன்பே தேசிய வளர்ச்சி அமைச்சராக இருந்தார், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) விவகாரங்களில் பெயர் அடிபடும், அவ்வளவுதான். 2020 ஜனவரியில் அப்போதைய சுகாதார அமைச்சர் கான் கிம் யோங்கும் இவரும் சேர்ந்து அமைச்சுகள்நிலைப் பணிக்குழுவுக்குத் தலைமை ஏற்றார்கள். அப்புறம் எத்தனை மாலை நேரங்கள் அந்த இருவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கழிந்தன! சமையலறையில் வேலையை நிறுத்திவிட்டு, இன்றைக்கு எத்தனை பேர், நாளைக்கு எது மூடப்போகிறது என்று காத்திருப்போம். 2020 மார்ச் 25ஆம் தேதி நாடாளுமன்றத்தில் முன்களப் பணியாளர்களுக்கு நன்றி சொல்லும்போது அவருக்குத் தொண்டை அடைத்துப் பேச்சு நின்றுபோனது. பலரும் அவரை முதலில் நினைவில் வைத்துக்கொண்டது அந்தக் காட்சியால்தான்.

எனக்கு அதைவிட முகக்கவச விஷயம்தான் பெரிதாகப் பட்டது. உடம்பு சரியில்லாதவர்கள் மட்டும் போட்டால் போதும் என்று முதலில் சொன்னார்கள். ஏப்ரலில் அறிவுரை மாறியது, மாதத்தின் நடுவில் வெளியே வந்தாலே கட்டாயம் என்றானது. எங்கள் புளோக்கில் பாட்டி ஒருவர் "அன்னிக்கு வேணாம்னாங்க, இன்னிக்கு அபராதம்ங்கிறாங்க, எதைத்தான் கேக்குறது?" என்று என்னிடமே சண்டைக்கு வந்தார். நியாயமான கேள்வி. அறிகுறியே இல்லாதவர்களிடமிருந்தும் நோய் பரவுகிறது என்று தெரிய வந்ததால் மாற்றினார்கள் என்பதை, பணிக்குழு சொன்னதை வைத்துத்தான் அந்தப் பாட்டிக்குச் சொன்னேன். 2023 மார்ச்சில் வெளியான வெள்ளை அறிக்கையில், முகக்கவசம் பற்றி ஆரம்பத்தில் அவ்வளவு உறுதியாகப் பேசியிருக்கக் கூடாது, வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் கிருமி பரவியதை இன்னும் நன்றாகக் கையாண்டிருக்கலாம் என்று அரசாங்கமே எழுதி வைத்தது. விடுதிகளில் அடைந்து கிடந்தவர்களில் எத்தனையோ பேர் தமிழ் பேசுகிறவர்கள். அவர்களில் சிலருக்குத் தொலைபேசியில் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தவள் நான். அந்தப் பக்கங்களைப் படிக்கும்போது, இந்த அளவாவது எழுதி வைத்தார்களே என்றுதான் தோன்றியது.

2024 மே 15ஆம் தேதி இரவு பதவியேற்பை அப்பாவோடு உட்கார்ந்து தொலைக்காட்சியில் பார்த்தேன். அப்பா தஞ்சோங் பகார் துறைமுகத்தில் வேலை செய்தவர். லீ குவான் இயூ 1955இலிருந்து நின்ற தொகுதி அது. அந்தக் காலத்துத் துறைமுகத் தொழிலாளிகளுக்கு அவர்மேல் இருந்த பக்தியை இன்றைக்கு விளக்கிச் சொல்வது கஷ்டம். அப்பாவுக்கு அரசியல்வாதி என்றால் குரல்தான். மேடையில் ஏறினால் கூட்டம் அடங்க வேண்டும். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "பிள்ளை நல்லாத்தான் பேசுது. ஆனா குரல் ஏறவே மாட்டேங்குதே. நாலு பேர் எதிர்த்துப் பேசினா தாங்குவாரா?"

இதைச் சொன்னது அப்பா மட்டும் இல்லை. கட்சிக்குள்ளேயே பல மூத்தவர்களின் கவலையும் அதுதான். அதற்குக் காரணமும் இருந்தது. அப்போதைய துணைப் பிரதமர் ஹெங் சுவீ கியட்தான் அடுத்த பிரதமர் என்று நாங்கள் எல்லாரும் நினைத்திருந்தோம். 2021 ஏப்ரலில் அவர் வயதைச் சொல்லி ஒதுங்கிக்கொண்டார். ஒரு வருடம் யார் என்றே தெரியாமல் போனது. பிறகு முன்னாள் அமைச்சர் காவ் பூன் வான் அமைச்சர்கள் உள்ளிட்டவர்களை ஒவ்வொருவராகச் சந்தித்துக் கருத்துக் கேட்டு, 19 பேரில் 15 பேர் இவரைச் சொன்னதாக 2022 ஏப்ரலில் அறிவித்தார்கள். "முதல்ல நினைச்ச ஆள் இல்லை" என்ற பேச்சு அப்படித்தான் வந்தது. எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. கூட வேலை பார்த்தவர்களே ஒருவரைச் சொல்கிறார்கள் என்றால் அதில் விஷயம் இருக்கும்.

அன்றைய நிகழ்ச்சியில் எனக்கு மனம் நிறைந்த ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். அதிபர் தர்மன் சண்முகரத்னம் முன்னிலையில் பிரதமர் உறுதிமொழி எடுக்கிறார். தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனனும் அங்கே இருக்கிறார். நாட்டின் மிக முக்கியமான சடங்கு ஒன்றில் இப்படி இருவர் நம் வம்சாவளியினர். அதற்காக யாரும் தனியாகக் கைதட்டவில்லை, அது பாட்டுக்கு நடந்தது. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய அப்பா பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்ததில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுதந்திரத்துக்குப் பிறகு பிறந்த முதல் பிரதமர் இவர். 1972 டிசம்பரில் பிறந்தவர். மரின் பரேட் வீவக வீட்டில் வளர்ந்திருக்கிறார். அம்மா ஆசிரியை, அவர் கற்பித்த ஹேக் ஆண்கள் தொடக்கப்பள்ளியிலேயே மகனும் படித்தார். அப்புறம் தஞ்சோங் காத்தோங் உயர்நிலைத் தொழில்நுட்பப் பள்ளி, விக்டோரியா தொடக்கக் கல்லூரி. பெயர்போன ராஃபிள்ஸ் பள்ளிகளின் பெயர் எங்கேயும் இல்லை. அக்கம்பக்கப் பள்ளியில் பிள்ளையைச் சேர்த்துவிட்டுச் சங்கடப்படும் பெற்றோரை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்களுக்குச் சொல்ல இப்போது ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது.

அவர் கிடார் வாசிப்பதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப் போவதில்லை. அதைத்தான் எல்லாரும் எழுதிவிட்டார்களே. என் தம்பி தனியார் வாடகைக் கார் ஓட்டுகிறான், எதிர்க்கட்சியான பாட்டாளிக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறவன். அதை மறைக்கவும் மாட்டான். "அக்கா, உங்க ஆளு நல்லா கிடார் வாசிக்கிறாரு, சரி. பொருள் சேவை வரியை ஏத்தினதும் அவருதானே?" என்று கேட்டான்.

ஆமாம், அவர்தான். நிதியமைச்சராக இருந்தபோது 7 விழுக்காடு வரி 2023 ஜனவரியில் 8 ஆனது, 2024 ஜனவரியில் 9 ஆனது. உலகம் முழுக்க விலைவாசி ஏறிக் கொண்டிருந்த நேரம். வீடு வீடாகப் போகும்போது கதவைத் திறந்ததும் முதலில் வருவது இந்தப் பேச்சுதான். முதியவர்கள் பெருகுகிறார்கள், மருத்துவச் செலவு ஏறுகிறது, அதற்கு நிலையான வருமானம் வேண்டும் என்ற காரணம் எனக்குப் புரிகிறது, ஒப்புக்கொள்கிறேன். வரி உயர்வைச் சமாளிக்கப் பணமும் கடையில் செலவழிக்கும் பற்றுச்சீட்டும் தரும் உத்தரவாதத் தொகுப்புத் திட்டத்தில் குறைந்த வருமானக் குடும்பங்களுக்குக் கூடுதலாகக் கொடுத்ததும் உண்மை. ஆனாலும் இரண்டு உயர்வையும் அடுத்தடுத்த வருடத்தில் வைத்தது எனக்கு உடன்பாடில்லை. கிளையில் அப்போதே சொன்னேன், இப்போதும் அதே கருத்துதான். பற்றுச்சீட்டு கையில் வரும்போது மகிழ்ச்சி, முடிந்த பிறகு கடையில் விலை அப்படியேதான் இருக்கிறது. இந்த ஒரு விஷயத்தில் தம்பியோடு நான் வாதாடவில்லை.

போக்குவரத்து அமைச்சராக இருந்த ஈஸ்வரனின் விவகாரத்தைத் தொடாமல் போக முடியாது. தமிழர்களாகிய நமக்கு அது தனி வலி. 2023 ஜூலையில் லஞ்ச ஊழல் புலனாய்வுப் பிரிவு அவரைக் கைது செய்தது. 2024 ஜனவரியில் பதவி விலகல், குற்றச்சாட்டுகள். செப்டம்பரில் குற்றத்தை ஒப்புக்கொண்டார், அக்டோபர் 3ஆம் தேதி 12 மாதச் சிறை. எங்கள் கூட்டங்களுக்கு வந்து தமிழில் பேசியவர், நம் பிள்ளைகளுக்குப் பரிசு கொடுத்தவர். அன்றைக்குச் செய்தியைப் படித்துவிட்டு நான் சரியாகச் சாப்பிடவில்லை.

வெளியே பலருக்குத் தெரியாத ஒன்று உண்டு. லாரன்ஸ் வோங் 2011இல் முதன்முதலாகத் தேர்தலில் நின்றது, பல வேட்பாளர்கள் ஒரே அணியாக நிற்கும் வெஸ்ட் கோஸ்ட் குழுத்தொகுதியில். அந்த அணியில் ஈஸ்வரனும் இருந்தார். ஒரே பதாகையில் படம், ஒரே மேடையில் பிரசாரம். அப்படிப் பழகியவர் விஷயத்தில், கைது வெளியான அந்த வாரத்திலேயே, எதையும் மூடி மறைக்க மாட்டோம் என்று துணைப் பிரதமராக இருந்த இவர் செய்தியாளர்களிடம் சொன்னார். பின்னால் அவர் பிரதமரான பிறகுதான் வழக்கு முடிந்தது. சொன்னபடியே எல்லாம் நீதிமன்றத்தில், வெளிச்சத்தில் நடந்தது. வேறு ஊர்களில் ஆளும் கட்சி அமைச்சர் சிறைக்குப் போவது பெரும்பாலும் ஆட்சி மாறினால்தான் நடக்கும். கட்சிக்கு அது அவமானம். ஆனால் நான் இந்தக் கட்சியில் இருப்பதற்கான காரணமும் அதுவேதான்.

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். தாங்குவாரா?

2025 ஏப்ரல் தொடக்கத்தில் அமெரிக்கா கிட்டத்தட்ட எல்லா நாடுகள்மேலும் இறக்குமதி வரி போட்டது. நமக்கு 10 விழுக்காடு. 2004இலிருந்து அவர்களோடு தடையற்ற வணிக உடன்பாடு இருக்கிறது. அவர்கள் பொருளுக்கு நாம் வரியே போடுவதில்லை. வணிகத்தில் லாபமும் அவர்கள் பக்கம்தான். அப்படியும் 10 விழுக்காடு. நான் வேலை செய்வது சாங்கி பக்கம் ஒரு சரக்கு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில். அன்றைக்கு அலுவலகத்தில் யாரும் சத்தமாகப் பேசவில்லை. வாடிக்கையாளர்கள் அனுப்ப இருந்த சரக்கை நிறுத்தி வைக்கச் சொல்லி மின்னஞ்சல் மேல் மின்னஞ்சல்.

ஏப்ரல் 4ஆம் தேதி அவர் பேசிய காணொளி வந்தது. மதியச் சாப்பாட்டு வேளையில் ஐந்தாறு பேர் ஒரே கைப்பேசியைச் சுற்றி நின்று பார்த்தோம். சீனர், மலாய்க்காரர், நான், பிலிப்பீன்ஸிலிருந்து வந்த ஒரு பெண். விதிகளை வைத்து நடந்த உலகமயமும் தடையற்ற வணிகமும் இருந்த காலம் முடிந்துவிட்டது என்று சொன்னார். சிறிய நாடுகள் ஓரங்கட்டப்படும் ஆபத்து இருக்கிறது, மனத்தளவில் தயாராக இருங்கள் என்றார். எல்லாம் சரியாகிவிடும் என்ற பூச்சு எங்கேயும் இல்லை. பிரதமர் இப்படிப் பேசினால் சனங்கள் பதறிவிடுவார்கள் என்று ஒரு கணம் நினைத்தேன். நடந்தது வேறு. என் மேலாளர், அரசியல் பக்கமே தலை வைக்காதவர், "சரி, அப்படின்னா நம்ம செலவுக் கணக்கைத் திரும்பப் போடுவோம்" என்று சொல்லிவிட்டு இருக்கைக்குப் போனார். அன்று பிற்பகல் முழுக்க அந்த வேலையைத்தான் பார்த்தோம். நிலைமை இதுதான் என்று தெளிவாகத் தெரிந்தால் மனிதர்கள் அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதை அவர் புரிந்துவைத்திருக்கிறார்.

நான்கு நாள் கழித்து நாடாளுமன்றத்தில், நண்பருக்குச் செய்கிற காரியம் இல்லை இது என்று அமெரிக்காவைப் பற்றிச் சொன்னார். அப்போதும் குரல் ஏறவில்லை. அப்பாவுக்கு நான் மொழிபெயர்த்துச் சொன்னேன். "அமெரிக்காக்காரனையே அப்படிச் சொன்னாரா?" என்று இரண்டாவது முறை கேட்டார். அடுத்த வாரமே வர்த்தகத் தொழில் அமைச்சு பொருளாதார வளர்ச்சி முன்னுரைப்பை 1 முதல் 3 விழுக்காடு என்பதிலிருந்து 0 முதல் 2 என்று குறைத்தது. தேர்தல் வரப் போகிறது என்று தெரிந்தே அதையும் வெளியிட்டார்கள்.

துணிச்சல் பற்றிப் பேசினால் வேட்புமனுத் தாக்கல் நாளைச் சொல்ல வேண்டும். ஏப்ரல் 23. சுவா சூ காங்கில் நிற்பார் என்று எல்லாரும் நினைத்த துணைப் பிரதமர் கான் கிம் யோங்கைக் கடைசி நேரத்தில் பொங்கோலுக்கு அனுப்பினார். பொங்கோல் புதிய குழுத்தொகுதி, பாட்டாளிக் கட்சி வலுவாக வந்து நின்ற இடம். அமெரிக்க வரி விவகாரத்தைக் கவனிக்கும் துணைப் பிரதமரே தோற்றுப்போகலாம் என்ற நிலை. எங்கள் கைப்பேசிக் குழுவில் செய்தி வந்தபோது முதலில் யாரோ பொய் பரப்புகிறார்கள் என்றுதான் நினைத்தோம். கடைசியில் பொங்கோலில் 55.17 விழுக்காட்டில் வென்றார்கள். மென்மையானவர் என்று சொன்னவர்கள் அந்த முடிவை யோசித்துப் பார்க்கட்டும்.

எங்கள் தெம்பனிஸ் அதைவிடக் கஷ்டம். நாட்டிலேயே நான்கு கட்சிகள் மோதிய ஒரே தொகுதி. பாட்டாளிக் கட்சி அல்ஜுனிட்டில் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த ஃபைசால் மனாப்பை இங்கே கொண்டுவந்தது. மழை, வெயில் எதையும் பார்க்காமல் எல்லா மாடியும் ஏறினோம். சந்தையில் நாங்கள் ஒரு பக்கம், பாட்டாளிக் கட்சியின் நீலச் சட்டைக்காரர்கள் ஒரு பக்கம். அவர்களில் ஒரு தமிழ்ப் பையன் தினமும் "வணக்கம் ஆன்ட்டி, தண்ணி குடிச்சீங்களா?" என்று கேட்பான். நல்ல பிள்ளை. அந்தப் பிரசாரத்தில் எனக்குப் பிடித்த நினைவு அதுதான்.

பிடிக்காததும் நடந்தது. வெளிநாட்டு ஆட்கள் சிலர் சமயத்தை இழுத்து நம் தேர்தலைப் பற்றி எழுதியதும், அந்தப் பதிவுகளை முடக்கச் சொல்லி அரசாங்கம் உத்தரவிட்டதும் தெரிந்ததே. மறுநாள் பிரதமர் செய்தியாளர்களை அழைத்து, சமயத்தையும் அரசியலையும் கலக்கக் கூடாது என்று சொன்னார். ஆதரவுக்காக எந்த வாக்குறுதியும் யாருக்கும் கொடுக்கவில்லை என்று பாட்டாளிக் கட்சி விளக்கியது. இரண்டையும் நான் மதிக்கிறேன். மலாய் அண்டை வீட்டாரோடு சுவர் ஒட்டி வாழ்கிறவள் நான். தேர்தல் முடிந்த பிறகும் மின்தூக்கியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டும். பிரதமர் அன்றைக்கு எந்தச் சமூகத்தையும் சந்தேகப்படும்படி ஒரு வார்த்தை விடவில்லை, அதைக் கவனித்துக் கேட்டேன்.

மே 3ஆம் தேதி இரவு முடிவு வந்தது. நாடு முழுக்க 97 இடங்களில் 87. வாக்கு 65.57 விழுக்காடு. 2020இல் 61.24ஆக இருந்தது. இதில் ஒரு விஷயம் இருக்கிறது. புதிய பிரதமரின் முதல் தேர்தலில் கட்சியின் வாக்கு இறங்குவதுதான் இதுவரை வழக்கம். கோ சோக் டோங்குக்கு 1991இல் இறங்கியது, லீ சியன் லூங்குக்கு 2006இல் 75.3இலிருந்து 66.6க்கு வந்தது. இவருக்கு ஏறியிருக்கிறது. உலக நிலைமையைப் பார்த்துப் பயந்து மக்கள் போட்ட ஓட்டு என்று தம்பி சொல்கிறான். அதில் கொஞ்சம் உண்மை இருக்கும். ஆனால் பயந்தவர்கள் யாரிடம் வந்தார்கள் என்பதும் முக்கியம் இல்லையா? நிலைமை மோசம் என்று முதலில் சொன்னவரிடம்தான் வந்தார்கள்.

தெம்பனிஸில் எங்களுக்குக் கிடைத்தது 52.02 விழுக்காடு. 2020 தேர்தலில் 66. ஜெயித்த களிப்பில் சிலர் இதைப் பேசவே விரும்பவில்லை. நான் பேசத்தான் வேண்டும் என்கிறேன். பாட்டாளிக் கட்சிக்கு மட்டும் 47.37. என் மாடியில் இருக்கும் வீடுகளை எடுத்துக்கொண்டால் கிட்டத்தட்டப் பாதி வீடு எங்களுக்கு ஓட்டுப் போடவில்லை. அவர்கள் எங்களுக்கு எதிரிகள் இல்லை. கடிதம் எழுத வரும்போது யாருக்கு ஓட்டுப் போட்டாய் என்று நாங்கள் கேட்பதும் இல்லை.

இப்போது நான் பிரதமரிடம் எதிர்பார்ப்பதைச் சொல்கிறேன். அதற்கு மக்கள் சந்திப்பு நடக்கும் இடத்தைக் கொஞ்சம் காட்ட வேண்டும். எங்கள் கிளையில் அது பாலர் பள்ளி வகுப்பறையில் நடக்கும். பகலில் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலிகள், சுவரில் காகிதத்தில் வெட்டி ஒட்டிய யானை, மாம்பழம், வண்ணத்துப்பூச்சி. வரிசை எண் வாங்கிக்கொண்டு வெளியே தளத்தில் காத்திருப்பார்கள். கூப்பிட்டதும் வந்து அந்தக் குட்டி நாற்காலியில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, வாழ்க்கையிலேயே பெரிய கஷ்டத்தை எங்களிடம் சொல்வார்கள். நாங்கள் மடிக்கணினியில் தட்டச்சு செய்து, நாடாளுமன்ற உறுப்பினரிடம் அனுப்புவோம்.

அண்மையில் ஒருவர் வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கிடங்கு மேற்பார்வையாளர். அவர் வேலை பார்த்த நிறுவனம் ஆட்குறைப்புச் செய்துவிட்டது. தமிழில் பேசலாமா என்று கேட்டார், பேசலாம் என்றதும் முகம் தெளிந்தது. பிளாஸ்டிக் உறையில் எல்லாத் தாளும் தேதி வாரியாக அடுக்கி வைத்திருந்தார்: ஆட்குறைப்புக் கடிதம், சம்பளச் சீட்டுகள், விண்ணப்பித்த வேலைகளின் பட்டியல் கையெழுத்தில். "அக்கா, அந்த 6,000 வெள்ளித் திட்டம் எனக்குக் கிடைக்குமா?"

அவர் கேட்டது ஸ்கில்ஸ்ஃபியூச்சர் வேலை தேடுவோர் ஆதரவுத் திட்டம். 2024 தேசிய தினப் பேரணியில் பிரதமர் அறிவித்தார், 2025 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. தன் தவறில்லாமல் வேலை இழந்தவர்களுக்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை. முதல் மாதம் அதிகபட்சம் 1,500, அடுத்தது 1,250, பிறகு 1,000, கடைசி மூன்று மாதம் 750 வீதம். சும்மா கிடைக்காது, வேலைக்கு விண்ணப்பிப்பது, பயிற்சிக்குப் போவது என்று மாதாமாதம் முயற்சி செய்து காட்ட வேண்டும். வேலை இல்லாதவருக்குப் பணம் கொடுப்பது என்பது இந்தக் கட்சியில் ஒரு காலத்தில் யாரும் உரக்கச் சொல்லாத விஷயம். கொடுத்தால் சோம்பேறி ஆகிவிடுவார்கள் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக இருந்தது. அதை மாற்றியது இவர்தான். முன்னேறும் சிங்கப்பூர் இயக்கத்தின்போது சமூக மன்றங்களில் வட்ட மேசை போட்டுக் கருத்துக் கேட்டார்களே, அங்கே நாங்கள் திரும்பத் திரும்பச் சொன்ன குறை இது. கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தவர்கள் இருந்தார்கள். திட்டமாக வந்துவிட்டது. அவருடைய முதல் வருடத்தில் எனக்குப் பிடித்த ஒரே ஒரு காரியத்தைச் சொல் என்றால் இதைத்தான் சொல்வேன்.

ஆனால் அந்த அண்ணனுக்குக் கிடைக்காது. திட்டத்துக்குத் தகுதிபெற, வேலை போவதற்கு முந்தைய ஒரு வருடத்தின் சராசரி மாத வருமானம் 5,000 வெள்ளியைத் தாண்டக் கூடாது. இவருக்கு ஓவர்டைம் சேர்ந்து கொஞ்சம் மேலே போய்விட்டது. சம்பளச் சீட்டுகளை இரண்டு முறை கூட்டிப் பார்த்தேன். வீட்டுக் கடன், பாலிடெக்னிக்கில் படிக்கும் மகள், முட்டு வலியோடு அம்மா. இரவு வேலை கூடச் செய்து சம்பாதித்ததே அவருக்குக் குறுக்கே வந்து நிற்கிறது. முறையீட்டுக் கடிதம் எழுதினேன், வேலை நியமன நிலையத்துக்கும் ஒரு கடிதம் போட்டேன். அவர் தாள்களை மறுபடி தேதி வாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போனார்.

எந்தத் திட்டத்துக்கும் ஒரு கோடு போட்டுத்தான் ஆக வேண்டும், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒருவர் நிற்கத்தான் செய்வார். ஆனால் ஐம்பதைத் தாண்டி, குடும்பத்தை ஒற்றைச் சம்பளத்தில் தாங்குகிறவர்களுக்கு 5,000 என்ற வரம்பு மிகக் குறைவு. 40 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கொடுத்த 4,000 வெள்ளிப் பயிற்சி நிதி நல்லதுதான், பயிற்சிக் கட்டணத்துக்கு உதவும். வீட்டில் அரிசி வாங்க அது உதவாது.

உலகம் மாறிவிட்டது என்று நம்மிடம் நேராகச் சொன்ன பிரதமர், அந்த மாற்றத்தில் முதலில் வேலை இழக்கப் போவது யார் என்பதையும் அதே நேர்மையோடு எடுத்துப் பேச வேண்டும். என் துறையில் எனக்குக் கண்கூடாகத் தெரிகிறது: கிடங்கு, சரக்கு, கணக்கு. நம் ஆட்கள் நிறைய இருக்கும் வேலைகள். அவர் கையில் இப்போது நிதியமைச்சும் இருக்கிறது, புதிய ஐந்து வருடமும் இருக்கிறது.

வரம்பை உயர்த்த வேண்டும், குறைந்தது 50 வயதுக்கு மேற்பட்டவர்களுக்காவது ஓவர்டைமைக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று ஒரு பக்கத்தில் எழுதி, பெயர் சொல்லாமல் அந்த அண்ணனின் கணக்கையும் கீழே போட்டு, கிளைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன். மேலே அனுப்புவதாகச் சொன்னார். தம்பி படித்துப் பார்த்துவிட்டு, வாடகைக் கார் ஓட்டுகிறவர்கள் சுயதொழில் செய்கிறவர்கள் என்பதால் திட்டத்தில் எங்கே வருகிறார்கள் என்றும் கேட்கச் சொன்னான். அதை இரண்டாவது பக்கமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.